குவாதலூப்பில் ஒரு குழம்புப்பொடி

பிப்ரவரி விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கும் மேல் பறந்து குவாதலூப் போயிருந்தோம். கரீபியன் தீவுதான், ஆனால் 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். கையில் யூரோ இருந்தால் போதும். குளிருக்குத் தப்பிக் கடலில் கிடப்பதுதான் திட்டம், கிடந்தோம். அந்தப் படங்களை ஏற்கெனவே போட்டுத் தள்ளிவிட்டேன்.

சொல்ல வந்தது வேறு. கபெஸ்தேர் என்ற ஊர்ப் பக்கம் காரில் போகையில் சாலையோரம் திடீரென்று ஒரு கோபுரம். ஷான்ஜி கோயில். அம்மன் யார் என்று கேட்டால் 'மாலியெமன்' என்கிறார்கள். நம் மாரியம்மன்! மதுரை வீரன் அங்கே 'மால்தேவிலன்', மத்தளம் 'மத்தலோன்', சடங்கில் பாட்டுச் சொல்லும் வாத்தியார் 'வாத்தியாலு'.

1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றவில்லை. கூலி ஒப்பந்தத்தில் இந்தியர்களை ஏற்றிவந்த முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று கரை சேர்ந்தது. 1889 வரை வந்தவர்கள் 42,000க்கும் மேல். அதில் நிறையப் பேர் கப்பலேறியது புதுச்சேரியிலும் காரைக்காலிலும். என் அம்மாவுக்கும் காரைக்கால்தான் என்பதால் எனக்கு அங்கே கொஞ்சம் தொண்டை அடைத்தது.

கூட வந்த நண்பருக்கு அதெல்லாம் இல்லை. "பாவம், தமிழே மறந்துட்டாங்க. சாமிக்குக் கடா வேற வெட்டுறாங்களாமே" என்றார். நம் ஊர் மதுரை வீரனுக்கு என்ன, சுண்டலா படைக்கிறார்கள்?

இந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. அர்த்தம் தெரியாத தமிழ்ப் பாட்டை பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துப் பாடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். நாகூர் ஆண்டவரைக்கூட விடவில்லை, 'நாகூர்மிரா' என்று கொடிமரம் நட்டுக் கும்பிடுகிறார்கள். தங்களுக்கும் குடியுரிமை உண்டு என்று 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரம் இந்தத் தீவுக்காரர்தான். சன் டிவியும் தமிழ்ப் பள்ளியும் இருந்தும் என் பையன் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறான். யார் யாரைப் பாவம் பார்ப்பது?

அப்புறம் சாப்பாடு. அங்கே ஆட்டுக்கறிக் குழம்புக்குப் பெயர் 'கொலம்போ'. இலங்கையின் கொழும்பு நகரத்தின் பெயர் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ 'குழம்பு' என்றுதான் காதில் விழுகிறது. சந்தையில் கொலம்போப் பொடி ஒரு பொட்டலம் வாங்கி, கோடையில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கொடுத்தேன். மோந்து பார்த்தார். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு.

"மிளகாய் எங்கடா?"

அவர்கள் மிளகாயைத் தனியாகப் பச்சையாகப் போடுவார்கள் என்றேன். "அப்படின்னா இது பாதிப் பொடி" என்று சொல்லிவிட்டு, இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் சேர்த்து அன்றைக்கே மீன்குழம்பு வைத்தார். போன வாரம் போனில் பேசும்போது, அந்தப் பொடி இன்னொரு பொட்டலம் கிடைக்குமா என்று கேட்டார்.