அந்த நோட்டில் எழுதச் சொல்லுங்கள்

போன அக்டோபர் 2 அன்று எங்கள் ஊர் கிராம சபைக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். உட்காருவதற்குள் வருகைப் பதிவேடு கைக்கு வந்துவிட்டது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். வராவிட்டால் வேலை கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குறைவெண் என்று ஒன்று இருக்கிறதே, கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு! 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும், 10,000-க்கு மேல் போனால் 300 பேர். அந்த எண்ணிக்கை சேர்ந்ததும் கூட்டமே முடிந்துவிட்டது மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

தீர்மானங்களை மளமளவென்று வாசித்தார்கள். அப்போது கீழத்தெரு அம்மா ஒருவர் எழுந்து, "எங்க தெருவுக்கு மட்டும் ஏன் மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது?" என்று கேட்டார்.

"பாத்துக்கலாம்மா" என்றார்கள்.

"பாக்குறது இருக்கட்டும் தம்பி, அந்த நோட்டுல எழுதுங்க."

"அப்புறமா எழுதிக்கிறேம்மா."

அவர் உட்காரவே இல்லை. எழுதிய பிறகும், "படிச்சுக் காட்டுங்க" என்று கேட்டு, காதால் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பொங்கலுக்கு முன்னால் அந்தத் தெருவுக்குத் தனிக் குழாய் வந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் வாயால் கேட்பது காற்றோடு போய்விடும், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம சபையைக் குறை கேட்கும் கூட்டமாக மட்டும் வைக்கவில்லை. ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தரும் இடமே அதுதான். வெற்றுப் பக்கத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், அந்த அதிகாரத்தை நாமே தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து வருடத்துக்கு ஆறு கூட்டங்கள் ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் காலை பதினோரு மணிக்குக் கூலி வேலைக்காரர் எப்படி வருவார்? சாயங்காலம் வைத்தால் ஊரே வரும். கேரளத்தில் 1996-இல், ஊர் மக்களே கூடித் தங்கள் ஊருக்கான திட்டத்தைத் தீட்டும் மக்கள் திட்டம் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். கையில் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் கூட்டத்துக்கு வரச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டியதில்லை.

நகரத்துக்காரர்களுக்கும் இப்போது கிராம சபை மாதிரியே வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை இருக்கிறது. உங்கள் வார்டில் எப்போது கூடுகிறது என்று கேட்டு வையுங்கள்.

வரும் ஜனவரி 26-க்கு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன். எங்கள் தெருச் சாக்கடை இரண்டு வருடமாக மூடியில்லாமல் திறந்து கிடக்கிறது.