கீழே வயலில் நின்றவரிடமிருந்து தொடங்குங்கள்

இரண்டாம் உலகப் போரில் எதிரி நாட்டுக்குள் இரவோடு இரவாக ஆட்களை இறக்கிய பிரிட்டிஷ் விமானப் பிரிவைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். சர்ச்சில் உத்தரவிட்டார், ரகசிய அமைப்பு பிறந்தது, விமானப்படை விமானம் கொடுத்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்தப் பிரிவு அவ்வளவு சுலபமாகப் பிறக்கவில்லை. அது பிறந்ததில் சரிபாதி பங்கு, விமானத்தில் இல்லாமல் கீழே வயலில் நின்ற ஒருவருக்கு உண்டு.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. ஜூலையில் எஸ்.ஓ.இ. என்ற நாசவேலை அமைப்பு உருவானது. ஆகஸ்ட் 21 அன்று நார்த் வீல்ட் தளத்தில் 419 என்ற எண்ணோடு ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். ஸ்குவாட்ரன் என்ற முழு விமான அணிகூட இல்லை, அதைவிடச் சின்னதான வெறும் 'ஃப்ளைட்'. கையில் இருந்த விமானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரிட்டன் வானத்தில் தினமும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஒற்றர்களுக்கு விமானம் கேட்டால் யார் மனமுவந்து கொடுப்பார்கள்?

விமானம் இல்லை என்பது மட்டும் காரணமில்லை. மேலிடத்துக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. 1941 தொடக்கத்தில் விமானப்படைத் தலைமைத் தளபதி சார்ல்ஸ் போர்ட்டல், சாதாரண உடையில் ஆட்களை இறக்கி எதிரிப் படையினரைக் கொல்ல முயலும் காரியத்தோடு விமானப்படை சம்பந்தப்படக் கூடாது என்று எழுதியே கொடுத்தார். நகரங்கள் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த படையின் தலைவர் இதை எழுதினார் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அவர்களுக்குக் கிடைத்த லைசாண்டரும் வேண்டாமென்று ஒதுக்கித் தள்ளப்பட்ட விமானம்தான். தரைப்படைக்கு வேவு பார்க்கச் செய்த ஒற்றை எஞ்சின் விமானம். பிரான்ஸ் போரில் பகலில் பறந்து, ஜெர்மன் சண்டை விமானங்களிடம் கொத்துக் கொத்தாக விழுந்தது. ஆனால் அதற்கு ஒரு குணம் இருந்தது. மெதுவாகப் பறக்கும், சின்ன வயலில்கூட இறங்கி ஏறிவிடும். அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டவர்தான் 419இன் தளபதி வால்டர் ஃபார்லி.

ஃபார்லியோடு சேர்ந்து யோசித்தவர் பிலிப் ஷ்னைடோ. பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6இன் ஒற்றராக பிரான்சுக்குப் போகவேண்டியவர். போவதற்கு பாராசூட் போதும், திரும்பி வருவது எப்படி? இருவரும் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து மேசைத் துணியின் மேல் படம் போட்டார்கள். மூன்று கைவிளக்குகள். முதல் விளக்கு விமானம் தரை தொடவேண்டிய இடத்தில். காற்று வரும் திசையில் 150 கெஜம் தள்ளி இரண்டாவது. அதற்கு வலப்பக்கம் 50 கெஜத்தில் மூன்றாவது. மேலிருந்து பார்த்தால் தலைகீழான 'எல்' எழுத்து. விமானி முதல் விளக்கருகே இறங்கி, மற்ற இரண்டுக்கும் நடுவே வலப்பக்கம் திரும்பி, மீண்டும் முதல் விளக்குக்கே வந்து நிற்பார். ஆள் இறங்க, ஆள் ஏற, சில நிமிடங்கள். பிறகும் லைசாண்டர்கள் இந்த முறையில்தான் இறங்கின.

இதைத்தான் பிரிவின் பிறப்பு என்பேன். ஏறவேண்டியவரும் ஓட்டவேண்டியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம்.

1940 அக்டோபர் 19 இரவு அது சோதனைக்கு வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பே ஷ்னைடோ பாராசூட்டில் இறங்கி, பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தென்ப்ளோ பக்கம் காத்திருந்தார். ஏறுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஃபார்லி பின் இருக்கைக் கூரையைக் கழற்றிவிட்டே கிளம்பியிருந்தார். புயல் மழை. திறந்த இருக்கை வழியாக மழை புகுந்து ரேடியோ செத்துப்போனது. இருந்தாலும் விளக்குகளைப் பார்த்து இறங்கி, ஆளை ஏற்றிக்கொண்டார். கிளம்பும்போது தரையிலிருந்து வந்த ஒரு துப்பாக்கிக் குண்டு திசைகாட்டியை உடைத்துவிட்டது. மேகத்துக்கு மேலே, திசை தெரியாமல், ரேடியோவில் பேச வழியில்லாமல், காற்று தள்ளிய பக்கம் போய்க்கொண்டே இருந்தார்கள். விடியற்காலையில் எரிபொருள் தீர்ந்து விழுந்த இடம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன் ஊருக்குப் பக்கத்தில். தெற்கு இங்கிலாந்தில் இறங்கவேண்டியவர்கள்! இருவருக்கும் உயிர் தப்பியது. முறை வேலை செய்தது.

அப்புறம்தான் மேலிடம் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. 1941 ஆகஸ்டில் அந்த ஃப்ளைட் 138ஆம் ஸ்குவாட்ரனாக வளர்ந்தது. 1942 பிப்ரவரியில் இதே வேலைக்கு 161ஆம் ஸ்குவாட்ரன். அரசரின் விமானத்தை ஓட்டிய ஃபீல்டன் அதன் முதல் தளபதி. அந்த வசந்தத்தில் இரண்டும் இங்கிலாந்தின் டெம்ப்ஸ்ஃபோர்டு தளத்துக்கு வந்து சேர்ந்தன. லைசாண்டருக்குக் கறுப்பு வண்ணம், வயிற்றுக்கடியில் கூடுதல் எரிபொருள் தொட்டி, இடப்பக்கம் நிரந்தர ஏணி. வழிகாட்டி கிடையாது. ஒரே விமானி, மடியில் மடித்த வரைபடம், மேலே நிலா. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் பெரும்பாலும் பறந்தார்கள். நிலா வெளிச்சத்தில் வரப்பில் நடந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் மட்டும்தான் பளிச்சென்று தெரியும். அவர்களும் ஆற்றைப் பிடித்துக்கொண்டேதான் போனார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் விளக்கு பிடிப்பவரின் நேர்மையில் நின்றது. விளக்கை மின்னி மின்னி மோர்ஸ் குறியீட்டில் காட்டவேண்டிய, முன்பே பேசி வைத்த எழுத்து வரவில்லையென்றால் விமானி இறங்காமல் திரும்பவேண்டும். சரியான எழுத்தைத் தவறான ஆள் காட்டினால்? 1943 ஜூன் 16 இரவு, ஆன்ஜேர் நகருக்கு அருகே ஒரு வயலில் இரண்டு லைசாண்டர்கள் இறங்கின. வந்தவர்களில் திப்பு சுல்தான் வம்சத்தில் பிறந்த நூர் இனாயத் கான் ஒருவர். கூடவே டயானா ரௌடன், செசிலி லஃபோர். அந்த வயலில் வரவேற்பு ஏற்பாடு செய்தவர் ஆன்ரி தெரிகூர். அவர் ஜெர்மானிய உளவுத் துறையோடு தொடர்பு வைத்திருந்தது பின்னர் வெளியே வந்தது. 1948இல் பாரிஸில் விசாரித்து விடுதலை செய்துவிட்டார்கள். நூர் பின்னர் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டதற்கு அவர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று பெண்களில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை. நூரை 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள்.

இன்னொரு பக்கம், ஊரடங்கு வேளையில் பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தும் சேறில்லாத வயல் தேடி, கையில் டார்ச்சோடு குளிரில் நின்ற எத்தனையோ பிரெஞ்சுக் குடியானவர்கள். விமானம் போய்விடும், அவர்கள் அங்கேயே இருக்கவேண்டும். ஸ்குவாட்ரன் கதை எழுதுபவர்கள் இவர்களை ஒரு வரியில் தாண்டிப் போகும்போது எனக்குக் கோபம் வருகிறது.

விமானிகளைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். 1943 டிசம்பர் 16 இரவு மூடுபனியில் தரை தெரியாமல், இங்கிலாந்துக்குத் திரும்பி வந்த பிறகே இரண்டு லைசாண்டர் விமானிகள் இறந்தார்கள். ஃபார்லியும் போரைத் தாண்டவில்லை. 138இன் தளபதியாக இருந்தபோது, 1942 ஏப்ரலில் போலந்துக்காரர்கள் ஓட்டிய ஒரு ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் கூடப் போனார். அது ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு மலையில் மோதியது. மேசைத் துணியில் அவர் ஷ்னைடோவோடு போட்ட படத்தை, அவர் போன பிறகும் பிரான்சின் வயல்களில் விளக்கு வைத்து வரைந்துகொண்டே இருந்தார்கள்.