இடிந்த வீடு யாருடையது?

போர் நடக்கும் ஊரைப் பற்றிச் செய்தி வந்தால் கூடவே இரண்டு செயற்கைக்கோள் படங்களும் வந்துவிடுகின்றன. போருக்கு முன், போருக்குப் பின். நாமும் 'உச்' கொட்டிவிட்டு, பகிர்ந்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறோம். ஐ.நா.வின் செயற்கைக்கோள் மையமான யுனோசாட் அதே மாதிரிப் படங்களை வைத்துக் கட்டடம் கட்டடமாகக் கணக்கெடுக்கிறது: முற்றிலும் அழிந்தது, கடும் சேதம், ஓரளவு சேதம். தேவையான வேலைதான். மேலிருந்து எடுத்த படம் என்பதால், கூரை நின்று உள்சுவர் போன வீடு கண்ணுக்குத் தப்பிவிடும். அது தெரிந்த குறை. தரையில் போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். என்னை உறுத்துவது வேறு. எது இடிந்தது என்பதற்கு இவ்வளவு துல்லியமான வரைபடம் இருக்கிறது. இடிந்தது யாருடையது என்பதற்கு?

போர் ஓய்ந்ததும் முதலில் வரைய வேண்டியது இந்த இரண்டாவது வரைபடத்தைத்தான் என்பது என் கட்சி. கட்டடக் கலைஞர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழ விழ லண்டன் கவுண்டி கவுன்சில் ஒரு வரைபடத்துக்குக் கையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு என்றால் மொத்தமும் போய்விட்டது. ஊதா என்றால் பழுதுபார்க்க வழியில்லை. கருஞ்சிவப்பு என்றால் தேறுமா என்பதே சந்தேகம். வெளிர்சிவப்பு, செலவு செய்தால் தேறும். ஆரஞ்சும் மஞ்சளும் லேசான அடி. ஜெர்மனியின் வி-1, வி-2 ஏவுகணைகள் விழுந்த இடங்களில் வட்டம். இன்றைக்கு அதைப் பார்த்தால் அழகாகக்கூட இருக்கிறது, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1941லேயே அங்கே போர்ச் சேத இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. சரிசெய்யக்கூடிய வீட்டுக்கு ஒரு கணக்கு, முழுதாகப் போனதற்கு வேறு கணக்கு. உரிமையாளர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆவணங்களும் அலுவலகங்களும் இருந்தன. அதனால்தான் அந்த வண்ணங்களுக்குப் பின்னால் பணம் போய்ச் சேர முடிந்தது.

அது இல்லாத ஊரைப் பாருங்கள். சிரியாவின் ஹோம்ஸ் நகரில் 2013இல் நிலப் பதிவு அலுவலகம் எரிந்தது. 2018இல் அசாத் அரசு சட்டம் எண் 10 கொண்டுவந்தது. ஒரு பகுதியை மறுகட்டுமான மண்டலம் என்று அறிவித்துவிட்டால், பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் 30 நாளுக்குள் வந்து உரிமையை நிரூபிக்க வேண்டும். யார் வருவார்கள்? பாதிச் சனம் ஊரைவிட்டே ஓடியிருக்கிறது, அதில் பல லட்சம் பேர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். கூச்சல் எழுந்த பிறகு 30 நாளை ஓராண்டாக்கினார்கள். உறவினருக்குப் பவர் கொடுக்கலாம்தான், அதற்கும் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். அந்தத் துறைக்குப் பயந்துதானே ஓடினார்கள்!

இதில் பெண்களின் நிலை இன்னும் மோசம். வீடு கணவர் பெயரில் இருக்கும். கணவர் காணாமல் போயிருப்பார். இறப்புச் சான்றிதழ் இல்லாததால் அவள் விதவையும் இல்லை, வாரிசும் இல்லை. கையில் இருப்பதெல்லாம் பழைய மின்கட்டண ரசீதும் வீட்டுச் சாவியும்தான். 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி கவிழ்ந்தது. ஆட்சியோடு இந்தச் சிக்கலும் தீர்ந்துவிட்டதாக நினைத்தால் ஏமாந்துபோவோம்.

பதிவேடு பத்திரமாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், லெபனானின் தலைநகர் பெய்ரூட் இருக்கிறது. உள்நாட்டுப் போர் 1990இல் முடிந்தது. 1994இல் சோலிடேர் என்ற தனியார் நிறுவனத்திடம் நகரின் மையப்பகுதியைக் கொடுத்தார்கள். சொத்துக்காரர்களுக்குச் சொத்துக்குப் பதிலாக நிறுவனத்தின் பங்குகள். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் கடையைக் கேட்டவனிடம் பங்குப் பத்திரத்தை நீட்டினால், அதை வைத்து எங்கே வியாபாரம் செய்வான்? பழைய சந்தை இருந்த இடத்தில் இப்போது மால். கடற்கரையில் செயின்ட் ஜார்ஜ் ஹோட்டல் 'ஸ்டாப் சோலிடேர்' என்ற பெரிய பதாகையைப் பல ஆண்டுகள் முகப்பில் தொங்கவிட்டிருந்தது.

உடனே யாராவது, இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகி மீண்டும் எழுந்த போலந்தின் வார்சாவைக் காட்டுவார்கள். நியாயம்தான். போருக்கு முன் கட்டடக் கலை மாணவர்கள் அளந்து வரைந்த தாள்களை ஒரு மடத்தில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களைக்கூடப் பார்த்துப் பழைய நகரை எழுப்பினார்கள். 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எனக்கும் அதன்மேல் மயக்கம் உண்டு. ஆனால் அதே வார்சாவில் 1945 அக்டோபர் 26 அன்று ஓர் ஆணை நகர எல்லைக்குள் இருந்த மனைகளை எல்லாம் நகராட்சி வசமாக்கியது. அது இல்லாமல் அவ்வளவு வேகமாகக் கட்டியிருக்க முடியாது என்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு என்ன ஆயிற்று? வாரிசுகளின் உரிமைகளை வியாபாரிகள் சல்லிசாக வாங்கினார்கள். பல வீடுகளில் காலங்காலமாகக் குடியிருந்த வாடகைக்காரர்கள் துரத்தப்பட்டார்கள். 2016இல் அது பெரிய ஊழலாக வெடித்தது. தீர்க்காமல் விட்ட நிலக்கணக்கு 70 ஆண்டு கழித்தும் வந்து நின்றது.

"குளிரில் நடுங்குகிறவனுக்குக் கூரை முக்கியமா, பத்திரம் முக்கியமா?" என்று கேட்கலாம். கூரைதான். தற்காலிகக் கூரையை இன்றே போடுங்கள். ஆனால் இடிபாட்டை அள்ளும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அஸ்திவாரக் கோடு, காம்பவுண்டுச் சுவரின் மிச்சம், மூலைக்கல் எல்லாம் அந்தக் குவியலில்தான் இருக்கின்றன. வெடிக்காத குண்டும் அதில்தான், பிணமும் அதில்தான். அவற்றுக்காக மெதுவாகப் போக வேண்டியிருக்கிறதல்லவா, அதே நேரத்தில் அண்டை வீட்டார் நாலு பேரைக் கூப்பிட்டு எல்லையைக் குறித்துக்கொண்டால் என்ன?

முடியாத காரியம் இல்லை. இராக்கின் சிஞ்சாரில் யாசிதி என்ற சிறுபான்மை மக்களுக்கு 1975 முதல் குடியிருந்த வீட்டின் உரிமையே பதிவாகவில்லை. ஐ.எஸ். பயங்கரவாதிகள் துரத்தி, வீடுகள் நொறுங்கிய பிறகு ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு அக்கம்பக்கத்தார், ஊர்ப் பொறுப்பாளர்கள் சாட்சியோடு குடியிருப்புச் சான்றிதழ் கொடுத்தது. 2022 டிசம்பரில் இராக் அமைச்சரவை அந்த உரிமையை ஒப்புக்கொண்டது. அதாவது அமைதிக் காலத்தில் கிடைக்காத காகிதம், ஊரே இடிந்த பிறகு கிடைத்தது. கோபுரங்களின் கிராபிக்ஸ் வீடியோவைக் காட்டி நிதி திரட்டுகிறவர்களிடம், அந்த மனைகளில் இருந்தவர்களின் பட்டியலையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.