வாக்குத்தத்த அட்டையில் வராத வசனங்கள்

புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட அட்டை, எடுக்காமல் வீடு திரும்பும் ஆட்கள் நம்ம திருநெல்வேலிச் சீமையில் குறைவுதான். எரேமியா 29:11 யாருக்காவது வந்துவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு ஒரே சந்தோஷம். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ நல்ல வசனம், குறையே சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முந்தின வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் உங்களைத் திரும்பக் கூட்டிவருவேன் என்கிறது அது. எழுபது வருஷம்! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது; அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருப்பார்கள்?

எனக்குத் தெம்பு கொடுப்பது அந்தப் பத்தாம் வசனம்தான். கஷ்டம் நீளும் என்பதை மறைக்காமல் சொல்கிற புத்தகத்தை நம்பலாம் என்று தோன்றுகிறது.

2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் சித்தப்பாவின் வாழை, தார் போட்டு நின்றது, அப்படியே சாய்ந்து மண்ணுக்குள் போய்விட்டது. வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் வாசலில் நின்றபடியே ஏசாயா 43-ஐ ஆரம்பித்தார்: ‘நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை.’ சித்தப்பா சகதி அள்ளுவதை நிறுத்தாமல், “புரண்டுட்டுல்லா மாப்ள” என்றார். அதற்கப்புறம் அந்தச் சொந்தக்காரர் ரொம்ப நேரம் அங்கே நிற்கவில்லை.

சாயங்காலம் எங்கள் சபை ஊழியர், உபதேசியார், வந்தார். வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊறிப்போன மெத்தையை வெளியே இழுத்துப் போட ஒரு கை கொடுத்தார். கடுங்காப்பி குடித்த பிறகுதான் பைபிளைத் திறந்தார். எரேமியா 29, முதல் வசனத்திலிருந்து. ‘வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி’ என்ற இடத்தில் சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்த வசனத்தைக் கேட்டுத்தான் மறுபடியும் வாழை வைத்தார் என்று சாட்சி சொல்ல மாட்டேன். விவசாயம் பார்க்கிற சம்சாரி வேறென்ன செய்வார்? ஆனால் ஊரை இழந்து சிறையிருப்புக்குப் போனவர்களுக்கும் கர்த்தர் தோட்ட வேலையைத்தான் சொன்னார் என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

பைபிளில் ஆறுதல் பல இடங்களில் இப்படித்தான் வருகிறது. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டான், திரும்பப் படுத்துக்கொண்டான். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். (பேச ஆரம்பித்தபின் அவன் பாவம்தான் காரணம் என்று குற்றம் சாட்டினார்கள்.)

டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றிப் பேசும்போதும் கோயில்களுக்கு விடப்பட்ட குழந்தைகளை மீட்டதோடு நிறுத்திவிடுகிறோம். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். ஜெபத்துக்கா அங்கே பஞ்சம்? சுகம் கிடைக்கவில்லை. அந்த அறையிலிருந்துதான் துன்பப்படுகிறவர்களுக்காக அவ்வளவு எழுதினார். நம் சுகமளிக்கும் கூட்டங்களில் இந்த இருபது வருஷத்தைச் சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கிறதா?

துக்க வீட்டுக்குப் போனால் 88-ஆம் சங்கீதத்தையும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை புலம்பல்தான், இருட்டிலேயே முடிந்துவிடும். அழுகிறவர்களுக்கு ‘நம்மைப் போல ஒருத்தன் இதையே கர்த்தரிடம் கேட்டிருக்கிறான்’ என்றாவது இருக்கும்.

இப்படியெல்லாம் கேட்பது விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று 22-ஆம் சங்கீதத்தைச் சிலுவையில் சொன்னவர் யார் என்று அவர்களிடம் கேளுங்கள்.