ஃபீஸ் எங்கிருந்து வருது?

சனிக்கிழமை மேடைப் பேச்சு வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. நான் ஷேர் பண்ணலை, பேசினவருக்கு நான் எதுக்கு வியூஸ் ஏத்திவிடணும். "இந்தச் சுற்றுச்சூழல் வக்கீலுங்களுக்கு ஃபீஸ் எங்கிருந்து வருது?"ன்னு கேட்டார். அரங்கமே சிரிச்சுது. முன்வரிசையில என்னை மாதிரி வக்கீலுங்களும் சிரிச்சாங்க, பார்த்தேன்.

நல்ல கேள்விதான். இதே கேள்வியை கம்பெனி பக்கம் நிக்கிற வக்கீல்கிட்ட யாராவது கேட்டிருக்கீங்களா? டெல்லியிலிருந்து சீனியர் வக்கீல் வர்றார், எழுந்து நின்னு வாய்தா வாங்குறார், அடுத்த ஃப்ளைட்ல கிளம்புறார். அது தொழிலாம். கிணறு கெட்டுப்போன ஊருக்காக நிக்கிறவன் மட்டும் கணக்கு காட்டணுமாம்.

சரி, கணக்கே பேசுவோம். வேலூர்ல தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்த வழக்கு 1991ல உச்ச நீதிமன்றம் போச்சு, 1996 ஆகஸ்ட்ல தீர்ப்பு. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ பாதியாவோ பாழ்னு தீர்ப்பிலேயே இருக்கு. மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும்ங்கிறது இந்த நாட்டுச் சட்டம்னு சொன்ன தீர்ப்பு அது. இன்னிக்கு எந்தச் சட்டக் கல்லூரியிலயும் அதைப் படிக்காம பாஸ் ஆக முடியாது. வாதாடின வக்கீல் எம்.சி.மேத்தாவுக்குத் தமிழக அரசு கொடுக்கணும்னு கோர்ட் சொன்ன தொகை 50,000 ரூபாய். ஃபீஸ், கைச்செலவு எல்லாம் சேர்த்து! கோடீஸ்வரத் தொழில்தான் போங்க.

அதோட முடிஞ்சுதா? 2025 ஜனவரியில அதே பாலாறு, அதே மாசுக்கான இழப்பீட்டுக்கு உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்துது. 1991ல கேஸ் கட்டு தூக்கின ஜூனியருக்கு இப்போ பேரன் பேத்தி இருக்கும்.

"இவங்களுக்கு வெளிநாட்டுக் காசு வருது"ன்னு ஒருத்தர் வருவார், தெரியும். வெளிநாட்டையே பாருங்க. நைஜீரியாவுல போடோங்கிற மீனவ ஊர், ஷெல் கம்பெனி குழாயிலிருந்து எண்ணெய் கசிஞ்சு நாசமாச்சு. லண்டன்ல 'லீ டே'ங்கிற சட்ட நிறுவனத்து வக்கீல்கள் 15,600 பேருக்காக வழக்கு நடத்தி, 2015ல தனித்தனி ஆளுக்கும் ஊருக்குமா 55 மில்லியன் பவுண்டுக்கு ஷெல்லை ஒத்துக்க வச்சாங்க. அந்த நாட்டுல 'ஜெயிச்சாத்தான் ஃபீஸ்'னு ஒப்பந்தம் போடச் சட்டத்துலயே இடம் இருக்கு. இங்க வக்கீலுங்களுக்கான பார் கவுன்சில் விதிப்படி அப்படிப் பேசவே கூடாது. அப்போ இங்க இருக்கறவன் எதைச் சாப்பிடுவான்? நான் செக் பவுன்ஸ் கேஸ் பார்க்கிறேன். அந்தக் காசுலதான் சுற்றுச்சூழல் வழக்கு பார்க்கிற பசுமைத் தீர்ப்பாயத்துக்கு நகல் எடுக்கிறேன். ஜூனியருக்குச் சென்னையில மாசம் 20,000 கொடுக்கணும்னு ஹைகோர்ட் 2024ல சொல்லுச்சு, நியாயம்தான். அதுவும் அதே செக் பவுன்ஸ்லதான். அந்தப் பையனும் போன மாசம் கம்பெனித் தகராறு பார்க்கிற ஆர்பிட்ரேஷன் ஆபீசுக்குப் போயிட்டான்.

காசு பறிக்கன்னே போடுற பிளாக்மெயில் பொதுநல வழக்குன்னு ஒண்ணு இருக்கே? இருக்கு. எந்தத் தொழில்ல இல்லை?

தொழிற்சாலையை மூடினா வேலைவாய்ப்பு போயிடுமேன்னு கேட்கறவங்க ஒரு தடவை வக்காலத்துல கையெழுத்து வாங்க வந்து பாருங்க. ஒரு ஊர்ல ரேஷன் கடைத் திண்ணையில உட்கார்ந்து வாங்கிட்டிருந்தேன். ஒரு அம்மாவை அவங்க பையனே வண்டியில கூட்டிட்டு வந்தான், தொழிற்சாலை யூனிஃபார்மோட. ஸ்டாம்ப் பேடுல விரலை வச்சுக்கிட்டே, "இதுல கைநாட்டு வச்சா இவன் வேலை போயிடுமா தம்பி?"ன்னு கேட்டாங்க. போகாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவன் போனையே பார்த்துட்டு நின்னான். அந்த அம்மா வச்சாங்க. மையைப் புடவை ஓரத்துல துடைச்சுக்கிட்டாங்க.

அதே ஊர்ல ஒரு தெருவுக்கு மட்டும் குடிதண்ணி சுத்தம் பண்ற ஆர்.ஓ. பிளான்ட் வந்துது. அடுத்த வாய்தாவுக்குள்ள அந்தத் தெரு மொத்தமும் 'எங்களுக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை'ன்னு எழுதிக் கொடுத்தாச்சு. எனக்குக் கோபமே இல்லைன்னு சொன்னா பொய். ஆனா தண்ணிக்கு அலையறவங்ககிட்ட கோபப்பட்டு என்ன ஆகப்போகுது. மேடையில மைக் பிடிச்சவருக்கு வீட்டுல கேன் தண்ணி வருது, அவர் மேல கோபப்படலாம்.

இதை டைப் பண்றப்பவே ஒரு போன். மேடையில பேசினவரோட மாவட்டத்துக்காரர்தான். ஊரை ஒட்டிக் கல்குவாரி வருதாம், "உங்களை மாதிரி ஆளுங்கதான் சார் வேணும், செலவெல்லாம் ஊர்ல பேசிக்கலாம்"ங்கிறார். ஊர்ல பேசிக்கலாம்னா என்ன அர்த்தம்னு இந்தத் தொழில்ல இருக்கறவனுக்குத் தெரியும். சர்வே நம்பரையும் கிராம சபைத் தீர்மான நகலையும் வாட்ஸப்ல அனுப்பச் சொல்லியிருக்கேன்.