சேலாவைத் தாண்டிப் போகிறவர்கள்

எங்கள் கோவிலில் வாலிபர் நாடகம் என்றால் சாத்தான் வேஷத்துக்குத்தான் அடிதடி. இயேசுவாக நடிக்க ஆள் பிடிக்க வேண்டும். தாடி ஒட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு, சிரிக்காமல் நிற்பதற்கு எவன் வருவான்? சாத்தானுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு மேடை முழுக்க ஓடலாம், வாய்விட்டுச் சிரிக்கலாம், முன்வரிசையில் இருக்கிற சண்டே ஸ்கூல் பிள்ளைகளைப் பயமுறுத்தலாம்.

15 வருஷமாக வாலிபர் ஐக்கியத்தில் கிடக்கிறேன். கதை மாறியதே இல்லை. குடிகார அப்பா, செல்போனே கதி என்று கிடக்கும் மகன், அழுகிற அம்மா. நடுவில் சாத்தான் வந்து ஆடுவான். கடைசியில் ஒரு பாட்டு, எல்லோரும் மனந்திரும்பி முழங்கால்படியிடுவார்கள். கைதட்டல். முதல் பரிசு எவர்சில்வர் தட்டு, ஆறுதல் பரிசு டிபன் பாக்ஸ். மறுநாள் பேசினால், யார் நன்றாக நடித்தான், எந்த சேகரத்துக்கு, அதாவது எந்தச் சபை வட்டாரத்துக்குப் பரிசு போனது என்பதுதான் பேச்சு. குடிகார அப்பாவாக நடித்தவனின் வீட்டில் நிஜமாகவே அப்படி ஒரு அப்பா இருந்தார். நடித்தபோது அவனுக்கு உள்ளே என்ன ஓடியது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் ரிட்ரீட், அதாவது வாலிபர் தியான முகாம், திட்டமிட உட்கார்ந்தபோது ஒரு தங்கச்சி சொன்னாள்: “அண்ணே, இந்த வருஷம் ஏதாவது கிரியேட்டிவா பண்ணலாம்.” அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். களிமண், வண்ணம், நாடகம், எழுத்து எதற்கும் நான் எதிரி இல்லை. எங்களிடம் கிரியேட்டிவ் குறைச்சலும் இல்லை. அது முடிந்த பிறகு வர வேண்டிய அமைதிதான் இல்லை.

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் ‘சேலா’ என்று ஒரு சொல் அடிக்கடி வரும். 71 இடத்தில். ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்திலும் மூன்று முறை உண்டு. அதன் அர்த்தம் இன்னதுதான் என்று அறிஞர்கள் அறுதியிட்டுச் சொல்வதில்லை. பாட்டு நிற்கிற இடம், வாத்தியம் மட்டும் ஒலிக்கிற இடம், நிறுத்தி யோசிக்கிற இடம் என்று பலவிதமாகச் சொல்வார்கள். நாங்கள் ஆராதனையில் என்ன செய்கிறோம் தெரியுமா? மாற்றி மாற்றி வாசிக்கும்போது பாதிப் பேர் ‘சேலா’ என்று சத்தமாகச் சொல்வார்கள், மீதிப் பேர் விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவுவார்கள். நிற்கிறவர் ஒருவரும் இல்லை. எங்கள் வாலிபர் கூட்டமும் அதே மாதிரிதான்: ஆக்டிவிட்டி முடிந்ததும் “சரி, இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?” அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகளிடம் மூன்று பதில்கள் ரெடியாக இருக்கும். ஜெபிக்க வேண்டும். வேதம் வாசிக்க வேண்டும். கர்த்தரை நம்ப வேண்டும். படம் வரைந்தாலும் இதே பதில், கயிறு இழுத்தாலும் இதே பதில். பதில்களில் தப்பு இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு அந்த ஆக்டிவிட்டி தேவையே இல்லை. சண்டே ஸ்கூலில் மூன்றாம் வகுப்பிலேயே பரீட்சைக்கு எழுதிய பதில்கள்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொன்னால் நான் சொல்ல வருவது புரியும். மாற்கு இரண்டாம் அதிகாரம், கைகால் விளங்காத திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்குகிற காட்சி. கத்தோலிக்க நண்பன் ஒருவன் சொல்லிக்கொடுத்த முறையை முயன்று பார்த்தேன். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் தன் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் சொன்ன வழி அது. 1548இல் போப்பாண்டவரின் அங்கீகாரம் பெற்றது, ஆக ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டாகப் புழங்குகிறது. வசனத்தை மெதுவாக வாசிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்துக்கே போக வேண்டும். புழுதி, வெயில், கூட்டத்தின் வேர்வை எல்லாவற்றையும் மனதில் பார்த்து, அந்தக் காட்சியில் நீ யார், எங்கே நிற்கிறாய் என்று உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணைத் திறந்ததும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் தூக்கி வந்த நாலு பேரில் ஒருவர். ஒரு பெண், படுக்கையில் இருக்கிறவன் என்றாள். பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன் மட்டும், “நான் வீட்டுக்காரன் அண்ணே. எல்லாரும் அல்லேலூயா சொல்லிட்டுப் போயிருவாங்க. கூரையை யாரு சரி பண்ணிக் குடுப்பா?” என்றான்.

கூட்டமே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் “சரி, நம்முடைய விசுவாசம் எப்படி இருக்க வேண்டும்…” என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த இடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வருஷ மழையில் அவன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இரண்டு உடைந்து, அம்மாவும் அவனும் சமையலறையில் படுத்திருக்கிறார்கள். வீட்டு ஜெபக்கூட்டம் அவன் தெருவில்தான் நடந்தது. அந்த வழியாகத்தான் நாங்கள் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். விஷயம் தெரிந்து, காசு திரட்டி, நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவன் மாமாவே ஷீட் வாங்கிப் போட்டுவிட்டார்.

அவன் அதைச் சொன்ன அந்த நிமிஷம்தான் சேலா. சிரித்து முடித்தபிறகு இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், “ஏன்டா வீட்டுக்காரன்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் தயாரித்து வைத்த முடிவுக்கு ஓடியதில் பிள்ளை சொன்னது காதில் விழவில்லை.

வேதமும் இப்படி அவசரப்படுத்துவதில்லை. நாத்தான் தீர்க்கதரிசி, பாவம் செய்த தாவீது ராஜாவிடம் போய் “நீ பாவம் செய்தாய்” என்று ஆரம்பிக்கவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைச் சொன்னான். தாவீது கதைக்குள் போய், கோபப்பட்டு, தீர்ப்பும் சொன்ன பிறகுதான் ‘நீயே அந்த மனுஷன்’ வந்தது. எசேக்கியேல் ஒரு செங்கல்லில் எருசலேமை வரைந்து அதற்கு முற்றுகை போட்டான். 390 நாள் இடதுபக்கம், 40 நாள் வலதுபக்கம் படுத்துக் கிடக்கச் சொன்னார் கர்த்தர். நம் ரிட்ரீட்டில் யாராவது இதைச் செய்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போவோம். எரேமியாவைக் குயவன் வீட்டுக்குப் போகச் சொன்னார். முதலில் போய்ப் பார், வார்த்தை அங்கே வரும் என்பதுதான் கட்டளை. நல்ல சமாரியன் கதையை முடித்த இயேசுவும் இதனால் அறியப்படுவது என்னவென்றால் என்று சொல்லவில்லை. மூன்று பேரில் எவன் அயலான் என்று, கேள்வி கேட்டு வந்த நியாயசாஸ்திரியிடமே திருப்பிக் கேட்டார்.

இதெல்லாம் புதுப் பழக்கம், வெளிநாட்டு இறக்குமதி என்று சொல்கிற பெரியவர்கள் எங்கள் கோவிலிலும் உண்டு. அவர்களுக்குக் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரைத்தான் ஞாபகப்படுத்துவேன். 1774இல் பிறந்தவர். அன்றைக்கு மேடையில் இருந்த குறவஞ்சியை எடுத்து பெத்லெகேமைப் பாட வைத்தவர். தன் ஜனத்துக்குப் பழகிய கலையின் வழியாக உள்ளே போனார், அவ்வளவுதான். கத்தோலிக்க ஊர்களில் இயேசுவின் பாடுகளைக் காட்டுகிற பாஸ்கா நாடகம் பார்த்தவர்களுக்கும், தவக்காலத்தில் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் நின்று நின்று நடந்தவர்களுக்கும் நான் விளக்கவே வேண்டாம். அந்தச் சிலுவைப்பாதையில் எனக்குப் பிடித்ததே அதுதான். 14 முறை நிற்க வேண்டும்.

இன்னொரு பெரியவர் கேட்டார்: “தியானம் தியானம்னு சொல்லுறியே தம்பி, இது யோகா மாதிரி ஏதாவதா?” கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான பயம். முதலாம் சங்கீதத்தை எடுத்துக் காட்டினேன். இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன். “அதுவும் சரிதான்” என்றார். ஆனாலும் அன்று முழுக்க பின்பெஞ்சில் உட்கார்ந்து காவல் காத்தார். காத்துவிட்டுப் போகட்டும்.

இளைஞர்களுக்கு சத்தம்தான் வேண்டும், கீபோர்டும் டிரம்ஸும் இல்லாவிட்டால் வரமாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். பிரான்சில் தெய்சே என்று ஒரு சின்னக் கிராமம். 1940இல் பிரதர் ரோஜர் என்பவர் அங்கே வந்தார், பிற்பாடு அங்கே ஒரு துறவற சமூகம் உருவானது. உலகம் முழுக்க இருந்து வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் போய் ஒரு வாரம் தங்குகிறார்கள். தினமும் மூன்று வேளை ஜெபம். திரும்பத் திரும்பப் பாடுகிற இரண்டு வரிப் பாட்டுகள். ஜெபத்தின் நடுவில் நீண்ட மௌனம். அதற்காகவே போகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மௌனம் பிடிக்காது என்று நாம் எப்போது கொடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம்?

நாங்கள் கொடுத்துப் பார்த்ததில் நன்றாக அமைந்தது சங்கீதம் எழுதுவது. ஆளுக்கொரு தாள், ஒரு மணி நேரம், வேப்பமரத்தடியில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், போன் மட்டும் என் பையில். முதல் தடவை எல்லாச் சங்கீதமும் ஒரே மாதிரி வந்தது. மூன்று வரி வருத்தம், நாலாவது வரியில் ‘ஆனாலும் கர்த்தர் நல்லவர்’. அண்ணன் இதைத்தான் எதிர்பார்ப்பார் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த தடவை எழுதுவதற்கு முன் 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். அது இருளில் முடிகிறது. ஆறுதலாக ஒரு கடைசி வரி கிடையாது. அப்படியும் அது வேதத்தில் இருக்கிறது. வாசித்து முடித்தபோது ஒரு பெண் கேட்டாள், “அண்ணே, இப்படியும் எழுதலாமா? இது கம்ப்ளெயின்ட் மாதிரில்லா இருக்கு.” சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கம்ப்ளெயின்ட்தான் என்றேன். அன்றைக்கு மரத்தடியில் இரண்டு பேர் அழுதுகொண்டே எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டதற்குக் கொடுத்த விலை பெரிது. அதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், பாவங்களைச் சீட்டில் எழுதி கேம்ப் ஃபயரில் போடுகிற நிகழ்ச்சி நடத்தினேன். போடுவதற்கு முன் “யாராவது பகிர்ந்துகொள்ளலாம்” என்றேன். கீபோர்டில் மெல்லிசாக ஒரு ட்யூன், நெருப்பு வெளிச்சம், முந்தின ராத்திரி சரியான தூக்கமும் இல்லை. 17 வயதுப் பையன் ஒருவன் எழுந்து தன் வீட்டுச் சண்டையை எல்லாம் சொல்லி அழுதான். எங்களுக்கு ஆவியானவர் அசைவாடுகிறார் என்று ஒரே சந்தோஷம். மறுநாள் சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. அவன் அப்பா கோவில் வாசலில் வந்து நின்று கத்தினார். அந்தப் பையன் அதற்கப்புறம் எங்கள் கோவிலுக்கு வரவே இல்லை. இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறார்கள். மன்னிப்புக் கேட்டு இரண்டு தடவை மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

அதிலிருந்து எழுதியதை நான் வாங்குவதில்லை. வாசிக்கச் சொல்வதில்லை. வாசிக்க விரும்புகிறவர்களையும் ஒரு நாள் பொறுத்து வரச் சொல்வேன். பரிசு கிடையாது, படம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. பரிசு என்று வந்தால் பிள்ளைகள் நடுவருக்காக வரைய ஆரம்பித்துவிடுவார்கள். 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை, வீட்டிலோ வெளியிலோ தனக்கு நடக்கிற கொடுமையைச் சொன்னால் மட்டும் “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அது ஜெபித்துவிட்டு விடுகிற விஷயம் இல்லை. 1098 சைல்ட்லைன் எண் எதற்கு இருக்கிறது? பாலியல் கொடுமை என்றால் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும், சபை மானம் போகும் என்று மூடி மறைக்க அதில் இடமில்லை. வாலிபர் பொறுப்பாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆரவாரமே இல்லாத இன்னொன்று குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் பனைக்கா பஞ்சம்? குருத்தோலையைக் கீறி சிலுவை பின்னுவது எனக்கே சரியாக வராது. சபையில் 70 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி உண்டு, ஓலைப்பெட்டி முடைந்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். எந்தக் கேள்வியும் நான் தயாரிக்கவில்லை. கை வேலையாக இருக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனாலோ என்னவோ பேச்சு தானாக வந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் வேலை கிடைக்காத பயத்தைப் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பாட்டி வசனம் ஒன்றும் சொல்லவில்லை. “ஓலையை இறுக்கிப் பிடிக்காத ராசா, கிழிஞ்சிரும்” என்றார். ஓலையைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

சரி, இந்த வருஷ ரிட்ரீட்டுக்குக் களிமண் சொல்லியாயிற்று. எரேமியா 18. மண்பாண்டம் செய்கிற ஒருவரே சக்கரத்தோடு வருகிறேன் என்றிருக்கிறார். 40 நிமிஷம் மண், அதற்கப்புறம் கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்தில் என்ன போடுவது என்று செயலாளர் கேட்டார். ‘சேலா’ என்று போடச் சொன்னேன்.

சாத்தான் வேஷக்காரன் நேற்று வந்து நின்றான். இந்த வருஷம் நாடகம் இல்லை என்றேன்.

“அப்போ என்னதான் பண்ணணும்?”

“கால் மணி நேரம் பேசாம உக்காரணும்.”

“போங்கண்ணே, சாத்தான்கூட அப்படிச் சோதிக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனான். பெயர் மட்டும் கொடுத்திருக்கிறான்.