எல்லாக் கவனச்சிதறலும் ஒன்றல்ல
கவனம் சிதறினால் மனமும் வாடும், கண்டதையும் தின்னத் தோன்றும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது உண்மைதான். ஆனால் எந்த மாதிரியான சிதறல் என்பதையும் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

1999இல் பாபா ஷிவ், அலெக்சாண்டர் ஃபெடோரிகின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு 2 இலக்க எண், சிலருக்கு 7 இலக்க எண் கொடுத்து மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம் சாக்லேட் கேக் வேண்டுமா, பழக்கலவை வேண்டுமா என்று கேட்டார்கள். 7 இலக்கத்தைச் சுமந்தவர்கள்தான் கேக்கை அதிகம் எடுத்தார்கள். நிதானமாக யோசிக்க இடமில்லாதபோது ஆசை முந்திக்கொள்கிறது.

இது எனக்கே நடந்தது. அம்மா மருத்துவமனையில் இருந்த வாரம், இரவில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். விரல் டப்பாவின் அடியில் தட்டியபோதுதான் காலியானதே தெரிந்தது. ஒரு பிஸ்கட்டின் ருசிகூட நினைவில் இல்லை. பசியும் இல்லை, கவலைதான் இருந்தது.

சரி, இதற்கு மறுபக்கமும் உண்டு. விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை 3 நிமிடம் விளையாடியவர்களுக்குத் தீனி போன்றவற்றின் மேல் இருந்த ஏக்கம் தணிந்ததை 2014இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். தின்னும் ஆசை பெரும்பாலும் மனக்கண்ணில் ஓடும் படம்தான். கண்ணும் மனமும் கட்டங்களை அடுக்கும்போது அந்தப் படம் மங்கிவிடுகிறது.

அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. இரவில் அந்த ஆசை எட்டிப் பார்த்தால் படப்புதிர் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறேன். பாதி அடுக்குவதற்குள் அடங்கிவிடுகிறது. கவலை அழுத்தும் நாட்களில் மட்டும் அடங்க மறுக்கிறது. அன்றைக்கு அக்காவைத்தான் கூப்பிடுகிறேன்.